இட்டாய்பு: பாதிக்குப் பாதி பங்கு, லாபம் யாருக்கு?

பராகுவே என்றதும் கால்பந்து பார்ப்பவர்களுக்கு சிலாவெர்ட் ஞாபகம் வருவார். கோல்கீப்பராக இருந்துகொண்டே ஃப்ரீ கிக் அடித்து கோல் போட்ட ஆசாமி. அதைத் தாண்டி அந்த நாட்டைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கடல் கிடையாது. சொல்லிக்கொள்ளும்படி எண்ணெய் வளம் கிடையாது. கிழக்கே பிரேசில், தெற்கே அர்ஜென்டினா என்று இரண்டு பெரிய அண்ணன்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நாடு. ஆனால் வணிகவியல் படிக்கும் எவரும் ஒரு முறையாவது உட்கார்ந்து படிக்க வேண்டிய ஒப்பந்தம் ஒன்று இந்த நாட்டிடம் இருக்கிறது. விலை, கடன், வட்டி, பங்கு, ஏமாற்றம் எல்லாம் அதற்குள் உண்டு. அதுதான் இட்டாய்பு ஒப்பந்தம்.

பிரேசிலுக்கும் பராகுவேக்கும் எல்லையாக ஓடும் பரானா நதியின் குறுக்கே நிற்கிறது இட்டாய்பு அணை. உயரம் 196 மீட்டர், நீளம் ஏறக்குறைய 8 கிலோமீட்டர். ஒவ்வொன்றும் 700 மெகாவாட் தரும் 20 இயந்திரங்கள். மொத்தம் 14,000 மெகாவாட். சீனாவின் த்ரீ கோர்ஜஸ் வரும்வரை உலகின் மிகப் பெரிய நீர்மின் நிலையம் இதுதான். 2016ல் ஒரே ஆண்டில் 103 பில்லியன் யூனிட்டுக்கு மேல் உற்பத்தி செய்தது. அந்த ஆண்டுச் சாதனையை த்ரீ கோர்ஜஸ் முறியடிக்க 2020 வரை ஆனது.

காகிதத்தில் இதன் பாதி பராகுவேக்குச் சொந்தம். பெரிய நாடு, சின்ன நாடு என்ற பேதம் இல்லாமல் சரிபாதி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பிறகு ஏன் பராகுவேயில் ஐம்பது வருடமாக இதைப் பற்றிச் சண்டை ஓயவில்லை?

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1864 முதல் 1870 வரை பிரேசில், அர்ஜென்டினா, உருகுவே மூன்றும் சேர்ந்து பராகுவேயுடன் போரிட்டன. பராகுவே தரைமட்டமானது. நிலத்தில் பெரும் பகுதி போனது. ஆண்களில் பெரும்பாலானோர் செத்துப்போனார்கள். 1872ல் பிரேசிலுடன் எல்லை ஒப்பந்தம் போட்டபோது பரானா நதியும் குவைரா அருவியும் அங்கிருந்து கிளம்பும் மலைத்தொடரும் எல்லை என்று எழுதினார்கள். ஆனால் அருவி பக்கத்தில் கோடு சரியாக எந்த இடத்தில் போகிறது என்பதில் தகராறு மிச்சமிருந்தது. காட்டுக்கு நடுவே இருந்த துண்டு நிலம் என்பதால் பல காலம் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை.

1960களில் நிலைமை மாறியது. சாவ் பாவ்லோ பக்கம் தொழிற்சாலைகள் பெருகின. மின்சாரத்துக்குப் பசி எடுத்த பிரேசில் அந்த அருவியில் தனியாகவே மின் நிலையம் கட்டத் திட்டம் போட்டது. 'அருவி எங்களுக்கும் சொந்தம்' என்றது பராகுவே. 1965ல் பிரேசில் ராணுவம் அந்தத் தகராறு நிலத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. போர் மூளாதது அதிர்ஷ்டம்தான். 1966 ஜூன் 22ல் இரு வெளியுறவு அமைச்சர்களும் சேர்ந்து இகுவாசு அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். அதன்படி நதியின் மின்சக்தி இரு நாடுகளுக்கும் சம பங்கு. ஒருவர் பயன்படுத்தாத பங்கை வாங்கும் முன்னுரிமை மற்றவருக்கு. அப்படி வாங்கும்போது 'நியாயமான விலை' கொடுக்க வேண்டும்.

அந்த 'நியாயமான விலை' என்ற இரண்டு வார்த்தைகளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். ஏழு வருடம் கழித்து உண்மையான ஒப்பந்தம் வந்தபோது அந்த வார்த்தைகளைக் காணோம்! 1973 ஏப்ரல் 26ல் பிரேசிலியாவில் கையெழுத்தான ஒப்பந்தத்தில் விலை என்பதற்குப் பதில் 'இழப்பீடு' என்று போட்டிருந்தார்கள். பொருளை விற்றால் விலை. உரிமையை விட்டுக்கொடுத்தால் இழப்பீடு. பராகுவே மின்சாரத்தை விற்கவில்லை, தன் உரிமையை 'விட்டுக்கொடுக்கிறது' என்பது இதன் பொருள். வேறு எந்த நாட்டுக்கும் விற்கவும் முடியாது. அர்ஜென்டினா இரட்டிப்பு விலை தருகிறேன் என்றாலும் கொடுக்க வழியில்லை. விற்பவர் ஒருவர் மட்டும் இருந்தால் மோனாப்பலி என்று முதல் வருடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். வாங்குபவர் ஒருவர் மட்டும் இருந்தால் மோனாப்சொனி. பாடப்புத்தகத்தில் அரைப் பக்கம் வந்து போகும் அந்தச் சொல்லுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

அன்றைக்கு இரு நாட்டையும் ஆண்ட இரண்டு பேரும் ராணுவ ஆட்சியாளர்கள். பிரேசில் தரப்பில் ஜெனரல் மெடிசி, பராகுவே தரப்பில் ஜெனரல் ஸ்ட்ரோஸ்னர். பொதுமக்களிடம் விவாதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஸ்ட்ரோஸ்னர் 1954 முதல் 1989 வரை 35 வருடம் நாட்டை ஆண்டவர். அணைக்குப் பக்கத்து நகரத்துக்கே 'புவெர்டோ பிரசிடெண்டே ஸ்ட்ரோஸ்னர்' என்று தன் பெயரை வைத்துக்கொண்டவர். அவர் கவிழ்ந்த பிறகுதான் அது 'சியுடாட் டெல் எஸ்டே' ஆனது. கவிழ்ந்தவர் ஓடிப்போய் அடைக்கலம் புகுந்த நாடு எது தெரியுமா? பிரேசில். 2006ல் இறந்ததும் ஒப்பந்தம் கையெழுத்தான அதே பிரேசிலியாவில்தான்.

சரி, பணம் எங்கிருந்து வந்தது? இட்டாய்பு நிறுவனத்தின் மூலதனம் 100 மில்லியன் டாலர். பிரேசிலின் எலெட்ரோப்ராஸ் 50, பராகுவேயின் ஆண்டே மின்வாரியம் 50. பராகுவேயிடம் அந்த 50 மில்லியன் கூட இல்லை. பிரேசில் அரசு வங்கியிடமே கடன் வாங்கித்தான் கட்டியது. மிச்சம் பில்லியன் கணக்கான கட்டுமானச் செலவு முழுக்கக் கடன். அதிலும் பெரிய கடன்காரர் எலெட்ரோப்ராஸ். அதாவது கூட்டாளியும் அவரே, கடன் கொடுத்தவரும் அவரே, சரக்கை வாங்குபவரும் அவரே. ஒரே ஆள் மூன்று நாற்காலியில்.

கட்டுமானம் தொடங்கியதும் பராகுவேயில் பணம் புரண்டது உண்மை. உச்ச கட்டத்தில் இரு நாட்டிலிருந்தும் சுமார் 40,000 பேர் வேலை பார்த்தார்கள். ஒப்பந்தக்காரர்கள் சிலர் ஒரே தலைமுறையில் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். 'இட்டாய்பு பிரபுக்கள்' என்று ஊரில் பெயரே வைத்தார்கள். பராகுவே கட்டுமான நிறுவனங்களின் கூட்டமைப்புக்குத் தலைவராக இருந்த பொறியாளர் வாஸ்மோசி 1993ல் நாட்டின் ஜனாதிபதியே ஆகிவிட்டார். ஒரு அணை ஒரு நாட்டின் பொருளாதாரத்தை மட்டுமல்ல, அரசியலையும் கட்டியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொரு பக்கம் இழந்தவர்களும் உண்டு. 1982 அக்டோபர் 13ல் மதகுகளை மூடினார்கள். இரண்டே வாரத்தில் 1,350 சதுர கிலோமீட்டர் ஏரி நிரம்பியது. எந்த அருவிக்காகத் தகராறு தொடங்கியதோ அந்த குவைரா அருவி தண்ணீருக்கு அடியில் போய்விட்டது. தண்ணீரின் அளவில் உலகின் மிகப் பெரிய அருவிகளில் ஒன்று அது. கடைசியாகப் பார்த்துவிடலாம் என்று கூட்டம் கூட்டமாக மக்கள் போனார்கள். அந்த ஜனவரியில் தொங்குபாலம் ஒன்று அறுந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தகராறு நிலமும் பெரும்பாலும் ஏரிக்குள் மூழ்கியது. எல்லைப் பிரச்சினையை இப்படியும் தீர்க்கலாம் போலிருக்கிறது :-( இரு கரையிலும் பல்லாயிரம் பேர் இடம்பெயர்ந்தார்கள். அதில் அவா குவாரனி பழங்குடியினருக்கு நிலத்தில் பத்திரமே கிடையாது என்பதால் பலருக்கு எதுவும் கிடைக்கவில்லை. பிரேசில் பக்கத்தில் அவர்களுக்கு 3,000 ஹெக்டேர் நிலம் வாங்கித் தர ஒப்புக்கொண்டது 2025ல்தான். 43 வருடம் கழித்து!

'இட்டாய்பு' என்பதே குவாரனி மொழிச் சொல்தான். பாடும் கல் என்று அர்த்தமாம்.

இனி கொஞ்சம் பொறியியல். வணிகவியல்காரர்கள் பயப்பட வேண்டாம், இது சுலபம்தான். பிரேசிலில் மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி, பராகுவேயில் 50 சுழற்சி. இரண்டையும் நேரடியாக இணைக்க முடியாது. 'நீங்கள் 60க்கு மாறிவிடுங்கள், செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்ற மாதிரி பிரேசில் கேட்டுப் பார்த்தது. பராகுவே மறுத்தது. அந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றார்கள். கடைசியில் பாதி இயந்திரங்கள் 50, பாதி 60 என்று முடிவானது. ஒரே அணை, ஒரே தண்ணீர், ஆனால் ஒரு பாதி நிமிடத்துக்கு 90.9 சுற்று சுற்றும், மறு பாதி 92.3 சுற்று.

பிரச்சினை என்னவென்றால், 50 சுழற்சிப் பாதியில் பராகுவேக்குத் தேவைப்பட்டது ஒரு மூலைதான். மிச்சமெல்லாம் பிரேசிலுக்குப் போக வேண்டும், அங்கே 60. அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஃபோஸ் டோ இகுவாசுவில் அதை நேர்மின்சாரமாக மாற்றி, 600 கிலோவோல்ட்டில் சுமார் 800 கிலோமீட்டர் அனுப்பி, சாவ் பாவ்லோ அருகே 60 சுழற்சியாக மாற்றினார்கள். ஸ்வீடனின் ஆசியா நிறுவனம் செய்த வேலை. நேர்மின்சாரத்தில் அன்றைக்கு உலகிலேயே அதிக வோல்ட்டேஜ் அதுதான். எல்லை தாண்டும் மின் வணிகத்தில் கம்பி எந்தப் பக்கம் போகிறதோ பணமும் அதிகாரமும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். சாவ் பாவ்லோவுக்கு இவ்வளவு பிரம்மாண்டமான பாதை போட்டாயிற்று. பராகுவே தலைநகர் அசுன்சியோனுக்கு? 220 கிலோவோல்ட் கம்பிகள்தான். அணையின் பாதிக்குச் சொந்தக்காரர்கள் கோடைக் காலத்தில் மின்வெட்டில் வியர்த்தார்கள்.

மூன்றாவது பங்காளி ஒருவரையும் மறக்கக் கூடாது. நதி கீழே போவது அர்ஜென்டினாவுக்கு. மேலே இவ்வளவு தண்ணீரைத் தேக்கிவைத்து ஒருநாள் திறந்துவிட்டால் ப்யூனஸ் அயர்ஸ் கதி என்ன என்ற பயம் அங்கே இருந்தது. 1979 அக்டோபரில் மூன்று நாடுகளும் ஒப்பந்தம் போட்டு நீர்மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் வரம்பு கட்டிய பிறகே அது அடங்கியது.

1984 மே மாதம் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது.

ஒப்பந்தப்படி இட்டாய்பு லாபம் சம்பாதிக்கும் கம்பெனி இல்லை. வருடச் செலவு எவ்வளவோ அவ்வளவுதான் வருமானம் இருக்க வேண்டும். கடன் தவணை, வட்டி, ராயல்டி, மூலதனத்துக்கு 12 சதவிகித வருவாய், நிர்வாகச் செலவு எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் வருவதுதான் கட்டணம். அப்படியானால் கட்டணம் குறைவாக வைத்தால் என்ன ஆகும்? பற்றாக்குறை வரும். 1980களின் நடுவில் அதுதான் நடந்தது. பிரேசிலில் பணவீக்கம் தலைவிரித்தாடியது, மின்கட்டணத்தை ஏற்ற அரசு விரும்பவில்லை. இட்டாய்பு மின்சாரத்தைச் செலவுக்கும் குறைவான விலையில் வாங்கினார்கள். பிரேசில் மின் நிறுவனங்கள் பாக்கியும் வைத்தன. பற்றாக்குறை அத்தனையும் இட்டாய்பு தலையில் புதுக் கடனாக ஏறியது, வட்டியோடு. கடன் கொடுத்தது யார்? மறுபடியும் எலெட்ரோப்ராஸ்.

நிதானமாகப் படித்துப் பாருங்கள். வாங்குபவர் விலையைக் குறைத்துக் கொடுத்தார். குறைத்த தொகையை விற்பவர் பெயரிலேயே கடனாக எழுதி வட்டி வாங்கினார். இப்படிச் சேர்ந்தது நான்கு பில்லியன் டாலருக்கு மேல் என்று பராகுவேயின் தணிக்கை அமைப்பு சொல்கிறது. அங்கே இதற்குப் பெயரே 'போலிக் கடன்'. பிரேசில் தரப்பிலும் ஒரு வாதம் உண்டு. அணை கட்டக் கடனுக்குப் பொறுப்பேற்றது நாங்கள், வாங்க ஆளில்லாத மின்சாரத்தை வாங்குவோம் என்று உறுதி கொடுத்ததும் நாங்கள், பராகுவே பைசா போடாமல் பாதிக்குச் சொந்தக்காரர் ஆகியிருக்கிறதே என்பார்கள். அது பொய் இல்லை. ஆனால் போலிக் கடனுக்கு அது பதிலும் இல்லை.

2008 வாக்கில் கணக்கு இப்படி இருந்தது: பராகுவே விட்டுக்கொடுத்த ஒரு மெகாவாட் மணிக்கு பிரேசில் சுமார் 45 டாலர் கொடுத்தது. அதில் பெரும்பகுதி கடனுக்கும் செலவுக்கும். இழப்பீடாக பராகுவே கைக்குப் போனது 3 டாலருக்கும் குறைவு. பிரேசில் சொன்னது 45, பராகுவே சொன்னது 3. இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள்.

அந்த வருடம் தேர்தலில் நின்றவர் ஃபெர்னாண்டோ லூகோ, முன்னாள் பிஷப். பொறியாளர் ரிக்கார்டோ கனேசே போன்றவர்கள் பல வருடம் தனியாகக் கத்திக்கொண்டிருந்த விஷயத்தை மேடைக்குக் கொண்டுவந்தார். 'எரிசக்தி இறையாண்மை' என்பது தேர்தல் முழக்கம் ஆனது. 61 வருடம் ஆட்சியில் இருந்த கொலராடோ கட்சி தோற்றது. 2009 ஜூலை 25ல் லூகோவும் பிரேசில் ஜனாதிபதி லூலாவும் அசுன்சியோனில் ஒப்புக்கொண்டபடி இழப்பீடு மூன்று மடங்கானது. வருடத்துக்குச் சுமார் 120 மில்லியனிலிருந்து 360 மில்லியன் டாலர். பிரேசில் செனட் அனுமதிக்க 2011 ஆகிவிட்டது. கூடவே அசுன்சியோன் அருகில் உள்ள வில்லா ஹாயெஸுக்கு 500 கிலோவோல்ட் கம்பிப்பாதை, மெர்கோசூர் நிதியில். 2013ல் அது திறக்கப்பட்டது. முதல் இயந்திரம் ஓடி 29 வருடம் கழித்து! இழப்பீடு மூன்று மடங்கானதைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் உண்மையில் பெரிய விஷயம் அந்தக் கம்பிதான். கம்பி இல்லாவிட்டால் சொந்த மின்சாரத்தைப் பயன்படுத்தும் பேச்சே இல்லை.

இடையில் 2009 நவம்பர் 10 இரவு. பிரேசிலில் 765 கிலோவோல்ட் கம்பிகளில் ஷார்ட் சர்க்யூட். அடுத்தடுத்துப் பாதைகள் அறுந்து வரலாற்றில் முதல்முறையாக இட்டாய்பு முழுவதும் நின்றது. பிரேசிலின் 18 மாநிலங்களில் சுமார் 6 கோடிப் பேர் இருட்டில். பராகுவேயும் கொஞ்ச நேரம் மொத்தமாக இருண்டது. தவறு நடந்த இடம் ஒரு நாட்டில், விளக்கு அணைந்தது இரண்டு நாட்டில். இணைப்பு என்றால் இதுவும் சேர்ந்ததுதான்.

2019ல் இதைவிடப் பெரிய கூத்து. பராகுவே மின்வாரியம் பல வருடமாகக் கொஞ்சம் சாமர்த்தியம் காட்டிவந்தது. ஒப்பந்த அளவு மின்சாரத்துக்கு முழுக் கட்டணம், ஆனால் நல்ல மழைக் காலத்தில் கிடைக்கும் உபரி மின்சாரம் மிகவும் மலிவு. எனவே குறைவாக ஒப்பந்தம் செய்து உபரியை அதிகமாக இழுத்துக்கொண்டார்கள். பிரேசில் ஆட்சேபித்தது. மே 24ல் இரு அரசுகளும் பொதுமக்களுக்குத் தெரியாமல் ஒரு ஆவணத்தில் கையெழுத்திட்டன. இதனால் 200 மில்லியன் டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி மின்வாரியத் தலைவர் ராஜினாமா செய்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. தெருவில் போராட்டம். வெளியுறவு அமைச்சர் பதவி போனது. ஜனாதிபதி அப்தோ பெனிடெஸ் மீது பதவி நீக்கத் தீர்மானம் வரும் நிலை. ஆகஸ்ட் 1ல் பிரேசில் அந்த ஆவணத்தை ரத்து செய்ய ஒப்புக்கொண்டதால் பிழைத்தார். இந்த அப்தோ பெனிடெஸின் அப்பா யார் என்றால், ஸ்ட்ரோஸ்னரின் அந்தரங்கச் செயலாளர்!

கடைசித் தவணை 2023 பிப்ரவரி 28ல் கட்டி முடிக்கப்பட்டது. அணை கட்ட வாங்கிய கடனுக்கு வட்டியும் முதலுமாகச் சேர்த்துக் கட்டியது 60 பில்லியன் டாலருக்கு மேல். அதே வருடம் ஆகஸ்டில் ஒப்பந்தத்தின் நிதிப் பகுதியான 'சி' இணைப்புக்கு 50 வயது முடிந்து, மறுபரிசீலனைக்கு வழி திறந்தது. (எலெட்ரோப்ராஸ் 2022லேயே தனியார்மயமாகி, அதன் பங்கு வேறொரு அரசு நிறுவனத்துக்குப் போய்விட்டது.)

கடன் தீர்ந்தால் கட்டணம் குறையும், எல்லோருக்கும் சந்தோஷம் என்றுதானே தோன்றும்? பராகுவே கட்டணத்தைக் குறைக்காதே என்றது! பிரேசில் குறை என்றது. காரணம் எளிது. பெரும்பகுதியை வாங்குவது பிரேசில், எனவே விலை குறைந்தால் பிரேசிலுக்கு லாபம். விலையைக் குறைக்காமல் வைத்தால் செலவு போக மிஞ்சுவதைப் பாதிக்குப் பாதி பிரித்து இரு பக்கமும் சமூகத் திட்டங்களுக்குச் செலவிடலாம். 2021 வரை கிலோவாட்டுக்கு மாதம் 22.60 டாலராக இருந்த கட்டணம் 2023ல் 16.71 ஆக இறங்கியது. 2024 மே மாதம் நடந்த பேரத்தில் 2024 முதல் 2026 வரை 19.28 என்று ஏறியது.

பராகுவேயின் சொந்தத் தேவையும் இப்போது வேகமாக வளர்கிறது. மலிவு மின்சாரத்தைத் தேடி பிட்காயின் ஆட்கள் கூட அங்கே போய் இயந்திரங்களைக் குவித்தார்கள். அதே நாட்டில் கிராமத்து அடுப்புகளில் இன்னும் விறகும் கரியும்தான் எரிகின்றன. மொத்த எரிசக்திப் பயன்பாட்டில் மின்சாரத்தைவிட விறகு, கரி போன்றவற்றின் பங்கு அதிகம். பாதி இட்டாய்பு கையில் இருந்தும்!

'சி' இணைப்புப் பேச்சு 2025 ஏப்ரலில் நின்றது. பிரேசில் உளவுத்துறை பராகுவே அதிகாரிகளின் கணினிகளுக்குள் புகுந்து இட்டாய்பு பேர விவரங்களைத் திருடியதாகப் பத்திரிகைச் செய்தி வந்தது. அது முந்தைய ஆட்சியில் தொடங்கிய வேலை, தெரிந்ததும் நாங்களே நிறுத்திவிட்டோம் என்றது லூலா அரசு. விளக்கம் வரும்வரை மேசைக்கு வரமாட்டோம் என்று பராகுவே எழுந்து போனது.